வியர்க்காத பையன்: வேலூரில் நடக்கும் விழுந்த தூதன் காதல் கதையை எழுதும் முறை

விழுந்த தேவதூதன் காதல் கதை எழுத உட்காருகிறவர்களில் பாதிப்பேர் முதல் பக்கத்திலேயே இறக்கையை எடுத்து விரித்துவிடுகிறார்கள். கருப்பு இறக்கை, இடி மின்னல், கோட்டை மதில் மேல் சட்டைப் பொத்தான் போடாமல் நிற்கும் ஒரு பையன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் கதை படுத்துவிடும். இறக்கையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்க முடியாது என்பதுதான் காரணம். கதையை நகர்த்துவது அவன் எதை இழந்துகொண்டிருக்கிறான் என்ற கணக்கு. அந்தக் கணக்கை முதலில் போடுங்கள். இறக்கை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லப்போவது 17 வயதுக்கு மேற்பட்ட வாசகர்களுக்கான, 24 அத்தியாயங்களில் முடிகிற ஒரு நாவலுக்கான முறை. அத்தியாயத்துக்கு 1,800 முதல் 2,000 சொற்கள். மொத்தம் 45,000-ஐ ஒட்டி வரும். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில நாவல்களுக்குச் சொல்லப்படும் சொல் கணக்கை அப்படியே பின்பற்றினால் புத்தகம் ஊதிப்போகும்.

எதற்காக விழுந்தான்

ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நாலே வசனம். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைக் கண்டார்கள், மணந்தார்கள், இராட்சதர் பிறந்தார்கள். அதை விரித்துச் சொல்வது ஏனோக்கின் ஆகமம். எத்தியோப்பியத் திருச்சபை தவிர மற்றவர்கள் பெரும்பாலும் அதை வேதமாக ஏற்பதில்லை. முழு நூல் எத்தியோப்பியாவின் கீயஸ் மொழியில்தான் தப்பிப் பிழைத்தது. அரமேயத் துண்டுகள் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்தன. அதன்படி 200 தூதர்கள் எர்மோன் மலை உச்சியில் இறங்கி, ஒருவரும் பின்வாங்கக் கூடாதென்று சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள். தலைவன் செம்யாசா.

எழுதுகிறவர்கள் காதலை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது. இவர்கள் செய்த குற்றம் இரண்டு. பெண்களிடம் போனது ஒன்று. மேலே இருந்த ரகசியங்களைச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. அசாசேல் வாளும் கேடயமும் செய்யக் கற்றுத்தந்தான், வளையலும் கண்மையும்கூட அவன் வேலைதான். பெனெமூவே என்பவன் மையும் தாளும் கொண்டு எழுதக் கற்றுத்தந்தான் (எழுதுகிற ஆள் இவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடங்கலாம்). கோகபேல் நட்சத்திரக் கூட்டங்களைச் சொல்லித்தந்தான். சாரியேல் நிலவின் போக்கை. தண்டனையும் அதற்கேற்பத்தான்: அசாசேலை ரபேல் என்ற தலைமைத் தூதர் கையும் காலும் கட்டி, பாலைவனத்தில் கூர்ங்கற்களுக்கு அடியில் இருட்டில் புதைக்கிறார். செம்யாசாவின் கூட்டத்துக்கு 70 தலைமுறைச் சிறை.

இந்த இரண்டாவது குற்றத்தைக் கதையின் சட்டமாக்குங்கள்: கதாநாயகி கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவன் உண்மையைச் சொன்னால், அவனிடமிருந்து தேவ அடையாளம் ஒன்று உதிரும். காதலும் விலையும் ஒரே கயிற்றில் வந்துவிடுகின்றன. அவளுக்கு அவனைப் பிடிக்கிறது, அதனால் கேட்கிறாள். அவனுக்கு அவளைப் பிடிக்கிறது, அதனால் சொல்கிறான். சொல்லச் சொல்ல மனிதனாகிறான். மனிதனானால் சாவான். இதற்கு மேல் வில்லன்கூடத் தேவைப்படாது.

ஏனோக்கின் ஆகமத்தில் அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரைப் பிடித்திருந்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறவருக்குக் கிடைத்திருக்கும் காலி இடம் அதுதான். ஆகவே கதை அவள் பார்வையில் போக வேண்டும், முடிவும் அவள் கையில் இருக்க வேண்டும்.

பெயர்

பட்டியலில் கோகபேலை எடுத்துக்கொள்வது வேலூருக்கு வசதி. காரணம் பின்னால் வருகிறது. எபிரேயத்தில் கோகாவ் என்றால் நட்சத்திரம். ‘ஏல்’ என்பது கடவுள். விழுந்தவன் பெயரில் கடவுள் ஒட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு நாள்? காட்பாடியில் இறங்கி அவன் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரர் இரண்டாம் நாளே ‘கோகுல்’ ஆக்கிவிடுவார். யாரும் கவனிக்காமலேயே முதல் இழப்பு நடந்துவிடுகிறது. இதை உரையாடலில் போகிற போக்கில் வையுங்கள், விளக்காதீர்கள். 20-ஆம் அத்தியாயத்தில் அவள் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது வாசகருக்குத் தானே விளங்கும்.

ஐந்து அடையாளங்கள்

தேவனை மனிதனிடமிருந்து பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். தமயந்தி சுயம்வரம் இருக்கிறது. நளன் உருவிலேயே தேவர்களும் வந்து உட்கார்ந்திருக்க, அவள் உண்மையான நளனைக் கண்டுபிடித்தது இமைப்பதையும், பாதம் மண்ணில் படுவதையும், மாலை வாடுவதையும் பார்த்து என்று நளவெண்பா சொல்கிறது. மகாபாரதம் வியர்வையையும் நிழலையும் தூசியையும் சேர்த்துக்கொள்கிறது. தமயந்தி தேடியது வியர்த்து, இமைத்து, நிழல் விழ நின்ற ஆளை. தேவனை விட்டு மனிதனைத் தேர்ந்த பெண் அவள். உங்கள் கதாநாயகிக்கு முன்னோடி.

ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வாடாத பூ, வியர்வை, நிழல், இமை, பாதம். ஐந்துக்கு மேல் போனால் வாசகர் கணக்கு மறப்பார். எந்த வரிசையில் உதிர்வது என்பதை வேலூரின் வெயிலும் ஆறும் உங்களுக்காக ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருக்கின்றன.

பிப்ரவரியில் கதை தொடங்கட்டும். முதல் நான்கு அத்தியாயங்களில் அவனிடம் எல்லா அடையாளமும் இருக்கின்றன, ஆனால் அவள் கவனிப்பது ஒன்றிரண்டைத்தான். மார்ச்சில், 6-ஆம் அத்தியாயத்தில், முதல் கேள்வி, முதல் பதில். முன்பு அவன் கையால் எடுத்துக்கொடுத்த குண்டுமல்லிச் சரம் மூன்று நாளாகியும் அவள் மேசையில் அப்படியே இருந்தது. இப்போது எடுத்துக்கொடுத்தது சாயங்காலமே பழுப்பேறிவிட்டது. இழப்பு சின்னதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஏப்ரல் 24-ஐ ஒட்டி வருவது நிழலில்லா நாள். வேலூர் கிட்டத்தட்ட 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. ஏப்ரலில் பகல் 12:10-ஐ ஒட்டி, ஆகஸ்டில் இன்னும் ஐந்து நிமிடம் கழித்து. செங்குத்தாக நட்ட குழாய்க்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. மனிதனுக்குக் காலடியில் ஒடுங்கிவிடும். இந்த நாளை வைத்து 9-ஆம் அத்தியாயத்தை இப்படிச் செய்யலாம்: அவனுக்கு நிழல் இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். நட்ட நடுப்பகலில் வெட்டவெளிக்கு அழைத்துப்போய்ப் பார்த்துவிட முடிவு செய்கிறாள். அவள் தேர்ந்தெடுத்த நாள், ஊரில் யாருக்குமே நிழல் இல்லாத நாள். கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் டம்ளரைக் கவிழ்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் சிரிக்கிறான். அந்த இரண்டு நிமிடம் அவனும் மனிதர்களில் ஒருவன்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும். 40 டிகிரிக்கு மேல் போகிற ஊரில் வியர்க்காத பையனை மறைக்க முடியாது. அதனால்தான் வியர்வை இங்கே. 12-ஆம் அத்தியாயத்தில் இரண்டாவது பதிலைச் சொன்ன மறுநாள், அவன் சட்டை முதுகில் ஒட்டுகிறது. அவனுக்கு அது என்னவென்றே தெரியாது, நோய் என்று பயப்படுகிறான். அவள் துப்பட்டா நுனியால் துடைப்பதா, கைக்குட்டையை நீட்டுவதா என்பதில் அவர்கள் உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதுங்கள்.

ஆகஸ்ட் 18, 16-ஆம் அத்தியாயம்: மறுபடியும் நிழலில்லா நாள். 12:15-க்கு எல்லோருக்கும் நிழல் இல்லை. 12:40-க்கு எல்லோருக்கும் திரும்பி வருகிறது, அவனுக்கும். ஏப்ரலில் வேடிக்கையாக இருந்தது இப்போது அடிவயிற்றைப் பிசைய வேண்டும். தன் கேள்விகள்தான் இவனைக் கரைக்கின்றன என்று அவளுக்கு உறுதியாவது இங்கே. இதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்துவாளா? நிறுத்தினால் 17, 18 அத்தியாயங்கள் மௌனமாக, சண்டையாகப் போகும். அவன் கேட்காமலே சொல்லத் தொடங்கினால் பொறுப்பு யாருடையது என்பது மாறும். இரண்டாவதுதான் வலுவானது.

அக்டோபரில் இமை. முதல்முறை கண்ணை மூடுகிறவன் பயப்படுவான். இருட்டு எப்படி இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. நவம்பரில் பாதம். அது பாலாற்றில்.

பாதத்துக்கு வடஆற்காட்டுக்கே உரிய ஒரு சாட்சி இருக்கிறது: செருப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலும் ஷூ கம்பெனிகளும் வீட்டுக்கு ஒருவரையாவது தொட்டிருக்கும். அவள் அப்பா ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற பிரிவில் இருப்பவர் என்று வையுங்கள். அவர் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான் பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எப்படி நடக்கிறான் என்று சொல்லிவிடுவார். அவன் மூணு மாசமாகப் போடும் செருப்பின் அடியில் அளவு எண் அச்சு மாறாமல் இருக்கிறது. அவர் அதைத் திருப்பிப் பார்க்கிறார், கட்டைவிரலால் தடவுகிறார், ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்தில் வைக்கிறார். இதை 10-ஆம் அத்தியாயத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். நவம்பரில் ஆற்றுச் சேறு ஒட்டிய அதே செருப்பு வாசலுக்கு வரும்போது, அப்பா முகம் போகிற போக்கு போதும்.

வேலூரை எங்கே, எவ்வளவு

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டலடிக்கும் பேச்சு பழையது. கடைசி ஒன்று 1981 வரை உண்மை: கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் அந்த ஆண்டில்தான் திரும்பவும் வைக்கப்பட்டது. கோயில், 1846-இல் கட்டிய தூய யோவான் ஆலயம், மசூதி, மூன்றும் ஒரே அகழிக்குள் இருக்கின்றன. இன்னும் முக்கியமானது, இது அரியணை இழந்தவர்களை அடைத்துவைத்த கோட்டை. 1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தார் இங்கே வந்தார்கள். 1815-இல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கேயே சிறையிருந்து 1832-இல் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவன் நினைவிடம். மேலிருந்து தள்ளப்பட்ட ஒருவன் வந்து சேர இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அவன் முத்து மண்டபத்தில் போய் உட்காருவதற்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதையெல்லாம் ஒரே அத்தியாயத்தில் கொட்டினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். அத்தியாயத்துக்கு ஓர் இடம், அந்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு வரலாற்றுச் செய்தி. 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சி கதைக்குத் தேவைப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

கோகபேலுக்கான காரணம் காவலூர். ஏனோக்கு நூல் இந்தத் தூதர்களைக் காவலர், உறங்காதவர் என்று அழைக்கிறது. தமிழ் வேதாகமத்தின் தானியேல் புத்தகத்திலும் ‘காவலாளன்’ வானத்திலிருந்து இறங்குகிறான். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காவலூரில் விண்ணோக்கி நிலையம். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பே, 1977-இல், அங்கிருந்த 1 மீட்டர் கருவி யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்தது. கதாநாயகி 19 வயது, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல், மேலே வானியல் படிக்க ஆசை. நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அறிந்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது? 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். இன்றைய கதையில் வேலூர் மாவட்டம் என்று எழுதினால் அந்தப் பக்கத்து வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார்.

ஒரு பொறி இங்கே உண்டு. அவன் சொல்கிற உண்மைக்கு ஆதாரம் கிடையாது. ‘எனக்குத் தெரியும்’ என்பதை எந்தப் பேராசிரியரும் ப்ராஜெக்ட் அறிக்கையில் ஏற்க மாட்டார். ஒருவன் தன் அமரத்துவத்தைக் கொடுத்து வாங்கிய பதில், அவளுக்கு மதிப்பெண் வாங்கித்தராது. இந்தக் கசப்பை வீணாக்காதீர்கள்.

அவன் எங்கே தங்குவான் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கும் ஊர். பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பலகைகள், மீன்குழம்பு மெஸ்கள். புது முகத்தை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் லாட்ஜில் ஆதார் கேட்பார்கள். சிம் கார்டுக்கும் அதுதான். ஆகவே லாட்ஜ் வேண்டாம். ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை, தினக்கூலி, இரவில் பாத்திர மேடைக்குப் பக்கத்தில் பாய். போன் இல்லாதவனைக் காதலிப்பதில் எவ்வளவு சிரமம் என்பதே மூன்று அத்தியாயத்துக்குச் சம்பவம் தரும்.

நிஜ மருத்துவமனை, கல்லூரி, ஆலயம் ஆகியவை பின்னணியாக வரலாம். அங்கே குற்றம் நடப்பதாக எழுதுவதென்றால் கற்பனைப் பெயர் வையுங்கள். கருவறையிலோ பீடத்திலோ காதல் காட்சி கூடாது. பயந்து சொல்லவில்லை; அந்த ஊர்க்காரரான வாசகர் அந்த இடத்திலேயே கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார்.

யார் எப்படிப் பேசுவார்கள்

ஒரே பையனுக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் கிடைக்கும். சி.எஸ்.ஐ. வீட்டில் தேவதூதன். பழைய கத்தோலிக்கப் பாட்டி சம்மனசு என்பார். பேத்தி வானதூதர் என்று படித்திருப்பாள். மேல்விஷாரத்துத் தோழி மலக்கு என்பாள், அதோடு நிற்கவும் மாட்டாள்: “மலக்கு அல்லாஹ் சொன்னத மீறாதுடி. மீறிச்சுன்னா அது மலக்கே இல்ல, ஜின்னு.” குர்ஆன் இப்லீஸை ஜின் இனம் என்கிறது, விழுந்த மலக்கு என்ற எண்ணத்தை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தோழியின் இந்த ஒரு வாக்கியம், அவன் யார் என்று அவன் சொல்லிக்கொள்வதையே சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. 8-ஆம் அத்தியாயத்துக்கு அருமையான திருப்பம், செலவில்லாமல் கிடைக்கிறது. இதை நகைச்சுவையாக்கிவிடாமல், அவள் தெரிந்து பேசுகிறாள் என்று தோன்றும்படி எழுதுங்கள்.

கதாநாயகியின் ஆயாவுக்கு (பாட்டிக்கு) இதெல்லாம் வேண்டாம். “இன்னாம்மே இவன், வந்து ஒக்காந்ததுலேர்ந்து கண்ணையே மூடல? காத்து கீத்து எதுனா கீதா இன்னா?” என்று கேட்டுவிட்டு முச்சந்தி மண் எடுக்கப் போவார். ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ ஆகியவை ஆயாவிடம் நிறைய, அப்பாவிடம் கொஞ்சம், அவளிடம் கோபம் வரும்போது மட்டும். குடியாத்தம் பக்கத்துக் குடும்பமென்றால் அப்பா ‘நைனா’ ஆகலாம். எல்லாருக்கும் ஒரே அளவில் வட்டாரப் பேச்சைத் தெளித்தால் நாடக மேடை ஆகிவிடும்.

அவன் பேச்சுதான் உண்மையான சவால். வேதாகமத் தமிழில் தொடங்கலாம்: “நீர் ஏன் அழுகிறீர்?” அவள் சிரித்துவிடுவாள். அடுத்து ‘நீங்க’ வரும். நீர், நீங்க, நீ என்ற இந்த மூன்று படிகள் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த வரம். ‘நீ’ என்று அவன் முதலில் சொல்லும் இடம் முத்தத்துக்குச் சமம். அதை 14-ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் செலவழிக்காதீர்கள், தவறிக்கூட. தட்டச்சுப் பிழையாக 5-ஆம் அத்தியாயத்தில் ஒரு ‘நீ’ நுழைந்துவிட்டால் பத்து அத்தியாய உழைப்பு வீண். முடித்த பிறகு கோப்பில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கதைசொல்லி அவனை ‘அது’ என்று சொல்வதா ‘அவன்’ என்பதா என்று குழம்புகிறவர்கள் உண்டு. நன்னூல் தீர்த்துவைத்திருக்கிறது: மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை. மேலே இருந்தாலும் கீழே விழுந்தாலும் திணை மாறாது. ‘அவன்’ என்றே எழுதுங்கள். ‘அது’ என்று ஆயா மட்டும் சொல்லட்டும், காற்று கருப்பு என்று நினைக்கும் வரை. ஆயா ‘அந்தப் புள்ள’ என்று மாறுகிற நாளை நீங்கள் குறித்துவைத்திருக்க வேண்டும்.

காதல் கெட்டுப்போகும் இடங்கள்

இந்த வகைக் கதைகளில் பையன் இரவில் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் தூங்குவதைப் பார்ப்பான். அதைக் காதல் என்று எழுதாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை யாரோ பின்னால் வருவது என்னவென்று உங்கள் வாசகிகளுக்கு நன்றாகத் தெரியும். அவன் காவலாளன் வகை, பார்ப்பது அவன் இயல்பு, சரி. அவள் “பாக்காத” என்று சொன்னதும் அவன் திரும்பிக்கொள்ள வேண்டும். இமைக்கக்கூடத் தெரியாதவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரிய காட்சி. அவனுக்கு ஆயிரக்கணக்கான வயது. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட அவளுக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாதவை நிறைய இருக்க வேண்டும்: பசி, கடன், அரியர், காட்பாடி பஸ்ஸில் ஏறும் வித்தை. அவளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம்.

அவன் அவளை ஒரு முறைக்கு மேல் காப்பாற்றக் கூடாது. அவள் அவனைக் காப்பாற்றும் இடம் ஒன்றாவது வேண்டும்; அது ஆறு.

மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துப் படித்து வரும் வாக்கியங்களைக் களையெடுங்கள். ஒரு மாதிரி:

‘அவனுடைய பளிங்கு போன்ற குளிர்ந்த விரல்கள் அவள் கன்னத்தைத் தொட்டபோது அவள் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது.’

மே மாதம், வேலூர், மின்சாரம் போய் ஒரு மணி நேரம். குளிர்ந்த விரல் என்றால் அவள் என்ன செய்வாள்?

‘கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அவன் கை மண்பானை மாதிரி சில்லென்றிருந்தது. எடுக்காதே என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், கணக்கு நோட்டைப் பார்ப்பதுபோல் அப்படியே குனிந்திருந்தாள். நோட்டின் ஓரம் அவள் வியர்வையில் நனைந்திருந்தது. அவன் பக்கம் காய்ந்திருந்தது.’

கடைசி இரண்டு வாக்கியம் அடையாளத்தையும் காட்டிவிட்டன. அவன் யார் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

தேடி வரும் தூதர்களைப் பற்றி: ரபேல், மிக்கேல் பெயர்களைக் கொடியவர்களாக்க வேண்டாம். ஆலயங்களில் அவர்கள் பெயர் சொல்லி வேண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தானாக வேலை செய்யட்டும்; வருகிறவர் ஒருவர் போதும், அவரும் வருத்தத்தோடுதான் வருவார்.

ஆறு

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். நீர் அடியில் ஓடுகிறது. ஆறு மாதமாக அந்த மணலைக் குறுக்கே கடந்தே அவர்கள் சந்தித்திருக்க வேண்டும், 3, 7, 13 அத்தியாயங்களில், சாதாரணமாக. 2021 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் வரும் ஆண்டில், “ஆத்துல தண்ணி வருதாம்” என்று ஊரே பாலத்துக்கு ஓடும். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, போனில் படமெடுத்துக்கொண்டு, திருவிழா மாதிரி. ஆபத்தைக் கொண்டாட்டத்துக்குள் வையுங்கள். 22-ஆம் அத்தியாயத்தில் அவன் கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டான். கரையில் நிற்கிறான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் பாதம் மண்ணில் அழுந்துகிறது, மண் ஈரம், கரை சரிகிறது. ஆற்றில் விழுந்தவனுக்கு நீந்தத் தெரியாது, இனி அவன் சாகக்கூடியவன். விழுதல் என்ற சொல் இங்கேதான் முதல்முறையாக நேர்ப்பொருளில் வர வேண்டும். அதுவரை முழு நாவலிலும் அவனைப் பற்றி ‘விழுந்தான்’ என்ற வினையை எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

நீர் ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது வேகத்தைப் பெரிதாகச் சொல்வதைவிட, அடித்துவருவதைச் சொல்லுங்கள்: சீமைக்கருவேல முள், தென்னை மட்டை, யாருடைய மாட்டுக்கொட்டகைத் தகரமோ. அவள் கையில் இருப்பது துப்பட்டா மட்டும் என்றால் அது இரண்டரை மீட்டர்தான். தூரத்தை அதற்குள் அமையுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் கைகொடுக்காமல் அவள் ஒருத்தி இழுத்துவிட முடியாது, அதையும் மறைக்க வேண்டாம். ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தேவதூதனை மனிதனாகக் கரையேற்றுவது நல்ல காட்சி. அதில் ஒருவர் அவனைத் திட்டிக்கொண்டே இழுக்கட்டும்.

23-ஆம் அத்தியாயம் சின்னதாக இருக்கட்டும், 1,200 சொல் போதும்: காய்ச்சல், கஞ்சி, ஆயா. 24-இல் அவர்கள் சேர்கிறார்களா இல்லையா என்பது உங்கள் விருப்பம். அவள் மேல்படிப்புக்குப் போவது மட்டும் நடக்க வேண்டும். ஒரு பையனுக்காக அதை விட்டுவிட்டாள் என்று முடித்தால் இருபத்துமூன்று அத்தியாயமும் சேர்ந்து விழும். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் முடிப்பதென்றால் அது எந்த ரயில், எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் என்று நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் அவன் நிழல் எந்தத் திசையில் விழும் என்பதை வாசகர் நிச்சயம் கவனிப்பார்.

அச்சுக்கோ இணையத் தொடருக்கோ அனுப்பும் முன் ஒரு தாளில் ஐந்து அடையாளங்களையும் 24 அத்தியாய எண்களையும் கட்டம் போட்டு, எந்தெந்தக் காட்சியில் அவன் இமைக்கிறான், வியர்க்கிறான், நிழலோடு நிற்கிறான் என்று டிக் செய்யுங்கள். 11-ஆம் அத்தியாயத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருப்பான், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பூ கட்டுகிற காட்சியை யாராவது பூக்காரம்மாவிடமும், ஆயாவின் வசனங்களைக் குடியாத்தம் பக்கத்து வயசானவர் யாரிடமாவதும் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். அவர்கள் எந்த வரியில் “இப்பிடி யார் பேசறாங்க?” என்று கேட்கிறார்களோ, அந்த வரியை அடித்துவிட்டு அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.